கருப்பா இருந்தாதான் கூலா இருக்குமா? கார் ஃபிலிம் ஒட்டுறதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுறதைப் பத்தி பேசுங்கன்னு நிலையத்துல கேட்டதும் உடனே சரின்னு சொல்லிட்டேன், ஏன்னா சென்னை ஜி.பி. ரோட்ல கார் ஆக்சசரீஸ் வேலை பார்க்கிற எனக்கு கத்திரி வெயில் வந்தாலே நாள் முழுக்க இதே பேச்சுதான். வர்றவங்க எல்லாரும் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு, "அண்ணே, போலீஸ் பிடிக்காத மாதிரி, ஆனா நல்லா கருப்பா ஒட்டுங்க". இந்த ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க. நடக்க வேண்டிய அவசியமும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

முதல்ல சட்டத்தை பார்த்துடுவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 100-வது விதின்னு ஒண்ணு இருக்கு. முன் கண்ணாடி, பின் கண்ணாடி ரெண்டுலயும் வெளிச்சம் குறைஞ்சது 70 சதவீதம் உள்ள வரணும், சைடு கண்ணாடியில 50 சதவீதம் வரணும். இதைத்தான் கடையில விஎல்டின்னு சொல்லுவாங்க. 2012 வரைக்கும் எல்லாரும் இந்த நம்பரைக் காட்டியே ஃபிலிம் ஒட்டிட்டு இருந்தாங்க. அந்த வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி, அவிஷேக் கோயங்கா போட்ட பொதுநல வழக்குல, உச்ச நீதிமன்றத்துல அப்போதைய தலைமை நீதிபதி கபாடியா இருந்த அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. விதி சொல்றது கண்ணாடி தயாராகும்போதே இருக்க வேண்டிய தன்மையைப் பத்தி, அதனால பின்னாடி அது மேல எந்த சதவீதத்துல எந்த ஃபிலிம் ஒட்டினாலும் தப்புதான்னு சொல்லிட்டாங்க. மே 4-ல இருந்து அமலுக்கு வந்துச்சு, கரெக்டா அக்னி நட்சத்திர நேரம். இசட், இசட் பிளஸ் பாதுகாப்புல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. ஃபிலிம் கம்பெனிக்காரங்க மறுபடி கோர்ட்டுக்குப் போயும் ஒண்ணும் மாறல.

அதுக்கப்புறம் விதியையே திருத்தினாங்க, 2021 ஏப்ரல் 1-ல இருந்து அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்துச்சு. கண்ணாடிங்கிற இடத்துல சேஃப்டி கிளேஸிங்னு ஒரு வார்த்தையையும் சேர்த்தாங்க, ஐஎஸ் 2553-ங்கிற இந்தியத் தரத்துக்கு உட்பட்டு. உள்பக்கம் பிளாஸ்டிக் லேயர் வச்ச கண்ணாடியும் அதுக்குள்ள வருது. இதை வச்சு 2024 செப்டம்பர்ல கேரள உயர் நீதிமன்றம், விதி சொல்ற 70, 50 சதவீத வெளிச்சத்துக்குக் குறையாம ஃபிலிம் ஒட்டினதுக்காக வண்டிக்காரர்கிட்ட ஃபைன் வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இந்தச் செய்தி வந்த வாரமே நிறைய பேர் போனை நீட்டிக்கிட்டு கடைக்கு வந்தாங்க, "இப்ப ஓகே ஆயிடுச்சுல்ல"ன்னு.

கொஞ்சம் பொறுமையா இருங்க. அது கேரள தீர்ப்பு. வாளையார் தாண்டி இந்தப் பக்கம் வந்தா இங்க இருக்கிற போலீஸ்காரர் 2012 தீர்ப்பைத்தான் மனசுல வச்சிருப்பார், அவர் கையில அளக்கிற மீட்டர் இருக்கும்னும் எதிர்பார்க்க முடியாது, கண்ணால பார்த்துதான் முடிவு பண்ணுவார். இருட்டா தெரிஞ்சா நிறுத்துவார். மோட்டார் வாகன சட்டம் 177-வது பிரிவுல முதல் தடவை 500 ரூபா, அடுத்த தடவை 1,500 ரூபா வரைக்கும் போகும். பணம் கூட பரவாயில்லங்க, அங்கேயே பிளேடு வச்சு கிழிக்கச் சொல்லும்போதுதான் பிரச்சனை, பின் கண்ணாடியில மெல்லிசா கோடு கோடா ஓடுதே, பனி மூட்டத்தைப் போக்குற டீஃபாகர் லைன், அது ஃபிலிமோட சேர்ந்து பிஞ்சு வந்துடும்.

சரி, இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதைத்தான் கடையில யாரும் உங்களுக்குச் சொல்றதில்ல. சட்டம் சொல்ற 50 சதவீதம் ஃபிலிமுக்கு மட்டும் இல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து வர்ற கணக்கு. உங்க கார்ல கம்பெனியில இருந்து வர்ற லேசா பச்சை கலந்த சைடு கண்ணாடியே முழு வெளிச்சத்தை விடாது, ஒரு 75 சதவீதம் விடுதுன்னு வச்சுக்கோங்க. அது மேல "50 சதவீத ஃபிலிம் சார், லீகல்"னு சொல்லி ஒட்டுறாங்கல்ல, 75-ல பாதி எவ்வளவு? முப்பத்தேழரை. முடிஞ்சது கதை. அதே கண்ணாடியில 70 சதவீத ஃபிலிம் ஒட்டினா ஐம்பத்திரண்டரை வரும், தப்பிச்சீங்க, ஆனா மயிரிழையிலதான். முன் கண்ணாடிக்கு இன்னும் கஷ்டம். அது 78 விடுதுன்னா, 90 சதவீதம் வெளிச்சம் விடுற, கண்ணுக்கே தெரியாத ஃபிலிமை ஒட்டினாதான் 70-ஐ தொடும். பின் கண்ணாடிக்கும் இதே 70 கணக்குதான், நிறைய பேர் பின்னாடி தானேன்னு அதைத்தான் ரொம்ப இருட்டாக்குறாங்க. அதனால கடைக்குப் போனா ஃபிலிமோட நம்பரை மட்டும் கேக்காதீங்க, ஒட்டின பிறகு என் கண்ணாடியில எவ்வளவு வரும், மீட்டர் வச்சு காட்டுங்கன்னு கேளுங்க. காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க.

இப்ப கருப்புக்கும் குளிர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்போம். சூரியன்ல இருந்து வர்ற சக்தியில கிட்டத்தட்ட பாதி அகச்சிவப்பு, அதாவது இன்ஃப்ராரெட், அது நம்ம கண்ணுக்கு தெரியாது. கண்ணுக்கு தெரியற வெளிச்சம் மீதிப் பாதிக்கு கொஞ்சம் குறைவு, கடைசியா கொஞ்சூண்டு புற ஊதா, யூவி. சாதாரண சாயம் போட்ட கருப்பு ஃபிலிம் முக்கியமா தடுக்கிறது வெளிச்சத்தைத்தான். உள்ள இருட்டா இருக்கும், கண்ணு கூசாது, மனசுக்கு கூலா இருக்கிற மாதிரி தோணும், ஆனா இன்ஃப்ராரெட்ல பெரும்பகுதி தாராளமா உள்ள வந்து உங்க டேஷ்போர்டை சுட வச்சுட்டு இருக்கும். ரெண்டு மூணு வெயில் காலம் போனா அந்த சாயமும் வெளுத்து ஊதா கலராகி குமிழ் குமிழா கிளம்பிடும், ரோட்ல பழைய வண்டிகள்ல பார்த்திருப்பீங்க. நானோ செராமிக்னு வர்ற ஃபிலிம் அப்படி இல்ல, பார்க்க தெளிவா இருக்கும், இன்ஃப்ராரெட்டை நல்லா தடுக்கும். விலை அதிகம்தான். மெட்டல் கலந்த ஃபிலிம் இன்னொரு ரகம், அதை முன் கண்ணாடி பக்கம் கொண்டு போகாதீங்க, ஃபாஸ்டாக் ரீட் ஆகாம டோல்ல நின்னுட்டு இருப்பீங்க, ஜிபிஎஸ்சும் தடுமாறும்.

செராமிக் வாங்கும்போது ஒரு விஷயத்தை கவனிக்கணும். ஷோரூம்ல ஒரு சிவப்பு லேம்ப் வச்சிருப்பாங்க, அதுக்கு முன்னாடி வெறும் கண்ணாடி ஒண்ணு, ஃபிலிம் ஒட்டின கண்ணாடி ஒண்ணு. "கையை வச்சு பாருங்க சார்"னு சொல்லுவாங்க. வெறும் கண்ணாடிக்குப் பின்னாடி கை சுடும், ஃபிலிம் பக்கம் ஒண்ணுமே தெரியாது, அசந்து போயிடுவீங்க. ஆனா அந்த லேம்ப் பெரும்பாலும் இன்ஃப்ராரெட்டை மட்டும் கக்குற லேம்ப். வெளியில அடிக்கிற வெயில்ல இன்ஃப்ராரெட் பாதிதானே, அதனால அந்த அதிசயம் அப்படியே கார்ல நடக்காது. போர்டுல 95 சதவீதம் ஐஆர், அதாவது இன்ஃப்ராரெட், தடுக்கும்னு போட்டிருந்தா அதை விட்டுட்டு டிஎஸ்இஆர் எவ்வளவுன்னு கேளுங்க, அதுதான் மொத்த வெயில் சக்தியில எத்தனை சதவீதம் வெளியிலேயே நிக்குதுன்னு சொல்ற நம்பர். தெளிவான ஃபிலிம்ல அந்த நம்பர் ரொம்ப பெருசா இருக்காது, இருக்க முடியாது, ஏன்னா வெளிச்சம் உள்ள வரும்போது அதோட சூடும் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

எங்க வாடிக்கையாளர்கள்ல டாக்ஸி ஓட்டுற ஒருத்தர் வலது கையையும் இடது கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினார், ரெண்டு வேற ஆள் கை மாதிரி இருந்துச்சு, ஜன்னல் பக்கம் இருக்கிற வலது கை அவ்வளவு கருத்துப் போயிருந்துச்சு. முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டினது, அது யூவியை கிட்டத்தட்ட முழுசா நிறுத்திடும். சைடு கண்ணாடி பெரும்பாலான வண்டியில வெறும் டஃபன்டு கண்ணாடி, அதாவது உறுதியாக்கின ஒத்தைக் கண்ணாடி, யூவி-ஏ கதிர் அது வழியா நல்லாவே வரும். தோல் பிரச்சனை இருக்கிறவங்க, நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவங்க படுற கஷ்டம் நிஜம், அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா அவங்களுக்கும் கருப்பு தேவையே இல்ல, யூவியை தடுக்கிறதுக்கு நிறமே இல்லாத ஃபிலிம் போதும். விளம்பரத்துல யூவி கட் கிளாஸ்னு சொல்லி வர்ற வண்டி வாங்கினா அதுகூட வேண்டாம்.

நான் கருப்பு ஒட்ட மாட்டேன்னு பிடிவாதமா இருக்கிறதுக்கு ஃபைன் மட்டும் காரணம் இல்லங்க. ஐப்பசி கார்த்திகை மழையில ராத்திரி ஜிஎஸ்டி ரோட்ல யூ டர்ன் எடுக்கிறவர், இடது பக்கம் லைட் இல்லாம வர்ற சைக்கிளை எப்படி பார்ப்பார், சைடு மிரரையே அந்த கருப்பு கண்ணாடி வழியாதானே பார்க்கணும். ரோடு கிராஸ் பண்ண நிக்கிற பாட்டி டிரைவர் முகத்தைப் பார்த்துதான் காலை வைக்கிறாங்க, அவர் நம்மள பார்த்துட்டாரா இல்லையான்னு. பைக்ல வர்றவரும் அப்படித்தான். அந்த முகத்தை மறைச்சுட்டா அவங்க எதை நம்பி போவாங்க? உள்ள இருக்கிறவங்களுக்கு வெளியே தெரியுதேங்கிறது பதில் இல்ல. வண்டிக்குள்ள நடக்கிற குற்றங்களைப் பத்தியும் அந்த 2012 தீர்ப்புல கவலையோட பேசியிருக்காங்க, பொண்ணுங்களைப் பெத்தவங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்ல.

அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல ஓட்டுறவங்களுக்கு என் யோசனை இது. போலீஸ்கிட்ட நின்னு வாக்குவாதம் பண்ண முடியாதுன்னா எதையும் ஒட்டாதீங்க. வண்டியை நிழல்ல விடுங்க, வெயில்ல விட்டா முன் கண்ணாடிக்கு உள்ள அந்த சில்வர் மடக்கு தட்டியை வைங்க, வண்டியில இருக்கிறதுலயே பெரிய கண்ணாடி அதுதான், அங்க தடுத்தாலே டேஷ்போர்டு சூடு பெருசா குறையும். ஏறினதும் ஏசியை போடாம நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டுங்க, அந்த சூட்டுக் காத்து வெளிய போகட்டும், அப்புறம் ஏசி போட்டு ரீசர்குலேஷன் பட்டனை அழுத்துங்க. பின் சீட்டு குழந்தைக்காக ஒட்டுற வலை, நிறுத்தி வச்சிருக்கும்போது இருக்கட்டும், வண்டி கிளம்பும்போது எடுத்துடுங்க.

ஒட்டியே ஆகணும்னா சைடு கண்ணாடிக்கு மட்டும் தெளிவான செராமிக், சேர்ந்து 50-க்கு மேல வர்ற மாதிரி. பில்லுல ஃபிலிம் பேரும் விஎல்டியும் எழுதி வாங்குங்க, கூடவே தரச் சான்று காப்பியும் கேளுங்க, எல்லாத்தையும் ஆர்சி புக்கோட வைங்க. அதையும் மீறி ரோட்ல எடுக்கச் சொன்னா அங்க பிளேடு போடாம, கடைக்கு வந்து ஸ்டீம் வச்சு எடுத்துடுறேன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க. ஒட்டின நாள்ல இருந்து மூணு நாலு நாள் கண்ணாடியை இறக்காதீங்க, உள்ள தண்ணி காயாம இருக்கும், லேசா மங்கலா தெரியும், வெயில் பட்டா அது தானா போயிடும். வணக்கம்.