வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

மகப்பேறு மருத்துவரிடம் வரும் பெண்கள் அடிக்கடி சொல்வது, "டாக்டர், எனக்கு வெள்ளைப்படுது." அதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. நான் பதிலுக்குக் கேட்பது, "கடைசியாக மாதவிடாய் வந்து இன்றைக்கு எத்தனையாவது நாள்?" நோயைச் சொன்னால் தேதியைக் கேட்கிறாரே என்று ஒரு பார்வை வரும். ஆனால் பல சமயம் விடை அந்தத் தேதியிலேயே இருக்கிறது.

இதற்கு நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிழைப்பை நடத்துகிறோம். உடம்பு இயல்பாகச் சுரப்பதும் வெள்ளைப்படுதல், கிருமித் தொற்றால் வருவதும் வெள்ளைப்படுதல். அதனால் ஒன்றுமில்லாததற்குப் பயந்து, உடம்பின் சத்தெல்லாம் வெளியே போகிறது என்று கவலைப்படுகிறோம். மருத்துவம் தேவைப்படும்போதோ, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிடுகிறோம். இன்று இயல்பான அந்தச் சுரப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக்குள் முடிகிற இடம் கருப்பைவாய். அதன் நடுவே ஒரு மெல்லிய பாதை. பாதையின் உட்சுவர் முழுக்க மடிப்பும் குழியுமாக இருக்கும். அந்தக் குழிகளில் உள்ள செல்கள்தான் கருப்பைவாய்ச் சளியைச் சுரக்கின்றன. சளி என்றதும் முகம் சுளிக்காதீர்கள், மூக்கில் வருவதற்கும் இதற்கும் வேலை வேறு. மாதத்தின் பெரும்பாலான நாட்கள் இது பாதையை அடைத்து வைக்கிறது. சில நாட்கள் மட்டும் திறந்து விடுகிறது.

மாதவிடாய் நின்றதும் பலருக்குச் சில நாட்கள் வறட்சியாக இருக்கும். சினைப்பையில் கருமுட்டை வளர வளர ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும். அப்போது முதலில் பிசுபிசுப்பாக, அப்புறம் க்ரீம் போல வெண்மையாக, பிறகு தண்ணீராக மாறும். முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது கண்ணாடி போலத் தெளிந்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் அறுந்து போகாமல் நூலாக நீளும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல இருக்கிறது என்று பெண்களே சொல்வார்கள், அதைவிடப் பொருத்தமான உவமை எனக்கும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அதில் 95 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான்.

இந்த மாற்றம் விந்தணுவுக்காக. யோனி இயல்பில் அமிலத் தன்மை உள்ள இடம். கிருமிகள் வளராமலிருக்க அது நல்லது, ஆனால் விந்தணுவால் அங்கே சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. வழுவழுப்பான இந்தச் சளி அமிலத்தைத் தணித்து, நீந்திச் செல்ல வழியும் விடுகிறது. இதன் துணை இருந்தால் விந்தணு உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையின் ஆயுளோ ஒரு நாள்தான். ஆகவே குழந்தை வேண்டுபவர்களுக்கு, முட்டை வந்த பிறகு முயல்வதைவிட, அது வருவதற்கு முந்தைய நாட்களே முக்கியம். 1995-இல் அமெரிக்காவில் 221 பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று வெளிவந்தது. முட்டை வெளிவரும் நாளோடு முடிகிற 6 நாட்களில் உறவு கொண்டபோது மட்டுமே கரு உண்டாகியிருந்தது. அதற்கு அடுத்த நாளில்கூட இல்லை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். தெளிந்த அந்தச் சளியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பெரணிச் செடியின் இலைகளை அச்சில் வார்த்ததுபோல இருக்கும். அதிலுள்ள உப்பு படிகமாகும்போது கிளைவிட்டுப் படர்வதால் வருவது அது. படிக்கிற காலத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை. முட்டை வந்த சில நாட்களில் இந்த இலைகள் மறைந்துவிடும்.

நுண்ணோக்கி இல்லாமல் பெண்கள் தாங்களே இதைக் கவனிக்கலாம் என்பதை ஒரு முறையாக ஆக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில்லிங்ஸ் தம்பதியர். ஜான் பில்லிங்ஸ் நரம்பியல் மருத்துவர், 1950-களில் மெல்போர்னில் இதைத் தொடங்கினார். பிறகு மனைவி எவலினும் சேர்ந்துகொண்டார். வழுக்கலான உணர்வு இருக்கும் கடைசி நாளை அவர்கள் உச்ச நாள் என்றார்கள். அதை ஒட்டித்தான் முட்டை வெளிவரும். சிக்கல் என்னவென்றால், அது கடைசி நாள் என்பது மறுநாள் அது நின்றுபோன பிறகுதான் தெரியும்! அதனால் உச்ச நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், வழுக்கல் தொடங்கியதுமே அது உங்கள் நாட்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு விரலை உள்ளே விட வேண்டிய அவசியமில்லை. சிறுநீர் கழிக்கும் முன் மெல்லிய தாளால் துடைத்து நிறத்தையும் இழுபடுவதையும் பார்த்தால் போதும். நடக்கும்போது ஈரமாக, வழுக்கலாகத் தோன்றுகிறதா என்பதும் ஒரு குறிப்புதான். உறவுக்கு மறுநாள் விந்து கலந்திருக்கும், அன்றைய கணக்கை நம்பாதீர்கள். ஒவ்வாமைக்குப் போடும் சில மாத்திரைகள் இதையும் வறள வைக்கும். முட்டை வளரக் கொடுக்கும் க்ளோமிஃபின் சிலருக்குச் சளியைக் கெட்டியாக்கும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு முட்டை வராமலேயே மாதத்தில் இரண்டு மூன்று முறை வழுக்கல் வந்துபோகலாம். உள்ளே கழுவிச் சுத்தம் செய்வதோ பலன் தராதது, தொற்றுக்குத்தான் வழி. கர்ப்பத்தைத் தவிர்க்க இதையே நம்புவது என்றால் முறையாகக் கற்றுக்கொண்ட பிறகுதான், அதிலும் தவறுக்கு இடமுண்டு.

தினமும் பார்த்து, எழுதி, மனம் நொந்துபோய் வருபவர்களிடம் நோட்டை மூடி வையுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பெரிதாகத் தேவைப்படாது. 35 வயதுக்குக் கீழே ஓராண்டும், அதற்கு மேல் ஆறு மாதமும் முயன்று பலனில்லை என்றால் கணவன் மனைவி இருவருமே வாருங்கள்.

சரி, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். "கர்ப்பமாக இருந்தால் வெள்ளை எப்படி இருக்கும் டாக்டர்?" அதை வைத்துச் சொல்ல முடியாது, அம்மா. முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டெரோன் ஏறிச் சளியைக் கெட்டியாக்கிவிடுகிறது. கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அந்த ஹார்மோன் சுரக்கும். கரு போய் ஒட்டுவதற்கே முட்டை வந்த பிறகு 6 முதல் 12 நாட்கள் ஆகும். அதுவரை கருப்பைவாய்க்கு எந்தச் செய்தியும் போயிருக்காது. க்ரீம் போல வந்தால் நல்ல செய்தி, வறண்டால் இல்லை என்று தோழிகள் சொல்வதை நம்பி அழுது தீர்க்காதீர்கள். நாள் தள்ளிப்போனதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கர்ப்பம் உறுதியான பிறகு வாரங்கள் செல்லச் செல்ல வெள்ளைப்படுவது கூடும். ஹார்மோனும் இரத்த ஓட்டமும் கூடுவதுதான் காரணம். பால் போல நீர்த்து, லேசான வாடையோடு அல்லது வாடையே இல்லாமல் இருந்தால் அது இயல்பு. உள்ளே, கருப்பைவாய்ப் பாதையில் சளி கெட்டியாகத் திரண்டு ஒரு தக்கைபோல அடைத்துக்கொள்ளும். கிருமிகள் மேலே ஏறாமல் தடுப்பது அதன் வேலை. பிரசவ காலம் நெருங்கும்போதுதான் அது கழன்று, சில சமயம் இரத்தம் கலந்து வெளியே வரும்.

திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக வந்து அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் மீன் வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இவற்றுக்கும் மருந்து உண்டு, கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பான மருந்து உண்டு. கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆரம்ப மாதங்களில் இரத்தக் கசிவோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டையில் வலி என்றால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு கருப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும்.

இன்னொன்று, பிந்தைய மாதங்களில் உள்ளாடை நனைந்துகொண்டே இருந்தால் வெள்ளைதானே என்று காத்திருக்காதீர்கள். பனிக்குட நீராக இருக்கலாம். நீங்கள் வந்தால் அதில் ஒரு துளியைத் தகட்டில் காயவிட்டுப் பார்ப்போம். பனிக்குட நீரும் காய்ந்தால் பெரணி இலையாகத்தான் படரும். முதல் நாள் அழகாகத் தெரிந்த அதே இலையைக் கர்ப்பிணியின் தகட்டில் கண்டால், உடனே கட்டில் தயார் செய்யச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

வணக்கம்.