ஒரு வெள்ளிக்கு அலைந்த காலை

வணக்கம். குரல் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் வழக்கம்போல் தே ஓ கொசோங். சர்க்கரையில்லாத தேநீரை எப்படித்தான் குடிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு இன்றும் பதில் கிடையாது.

இன்று சமையலும் கிடையாது. எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். போன காணொளியில், மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, பாத்திரம் கழுவும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சொன்னேன் அல்லவா? அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: “அக்காவுக்குத் தஞ்சோங் ரம்புத்தானில் கட்டில் போட்டாகிவிட்டதா?” அதற்கு நாற்பத்தேழு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். என் மீன் குழம்புக் காணொளிக்குக்கூட முதல் நாளில் அத்தனை வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சோங் ரம்புத்தான், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊர், ஈப்போ போகிற வழியில் திரும்ப வேண்டும். 1911 இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. இப்போதைய பெயர் பகாகியா. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், நாங்கள் வளர்ந்தபோது கோபக்காரக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்), தனியாகப் பேசிக்கொண்டு போகும் தாத்தா, கணக்கில் கோட்டை விட்ட பையன், எல்லாருக்கும் அந்த ஊர்ப் பெயர்தான் வசவு. நானும் திட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பாவம், சொந்த ஊர் எது என்று கேட்டால் ஈப்போ என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, கட்டில் கிடைக்கிறதா பார்ப்போம் என்று மறுநாள் காலையிலேயே அரசாங்கக் கிளினிக்குக்குக் கிளம்பினேன். எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள். கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். உலகத்திலேயே மலிவு என்று நினைப்பீர்கள். என்னிடம் இருந்தது ஐம்பது வெள்ளி நோட்டு. முகப்பில் இருந்தவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சில்லறை இல்லை என்றார். அட்டையைத் தேய்க்கலாமா என்றால் இயந்திரம் பழுதாம்.

எதிர்க் கடைக்குப் போனேன். கறிபாப் (உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த பலகாரம்) விற்கும் மலாய்க்கார அக்கா, ஐம்பதை மாற்ற வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து வெள்ளிக்காவது வாங்கு என்றார். முன்பெல்லாம் வெள்ளிக்கு மூன்று, இப்போது இரண்டு. அளவும் சுண்டுவிரல் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே உருளைக்கிழங்கைத் தேடத்தான் வேண்டும். இதைப் பற்றித் தனியாக ஒரு காணொளி போடுகிறேன். ஆக, பத்துக் கறிபாப் வாங்கினேன். மீதி என்ன கொடுத்தார் தெரியுமா? இரண்டு இருபது, ஒரு ஐந்து. ஒரு வெள்ளி நோட்டு ஒன்றுகூட இல்லை! நானும் எண்ணிப் பார்க்காமல் வந்துவிட்டேன். முகப்பில் அந்த ஐந்தை நீட்டியதும் அவர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது. தன் சொந்தப் பையிலிருந்து நான்கு வெள்ளி எடுத்துக் கொடுத்தார். ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு ஆறு வெள்ளி செலவு, முக்கால் மணி நேரம்.

இதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் படித்தேன். முதலில் நானே செய்த தவறு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காணொளியில், மலேசியாவில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு மனச்சோர்வு என்று உளறியிருக்கிறேன். அது 2015 தேசியச் சுகாதார ஆய்வின் 29.2 விழுக்காடு. அன்றைக்கு அவர்கள் அளந்தது பொதுவான மனநலச் சிக்கலை. மனச்சோர்வை மட்டும் தனியாகக் கேட்ட 2019 ஆய்வில் பெரியவர்களிடம் 2.3 விழுக்காடு. 2023 இல் 4.6, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நான்கே வருடத்தில் இரட்டிப்பு. 29 இலிருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது என்று கொண்டாடுகிறவர்களும், நூற்றுக்கு 29 பேர் பைத்தியம் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புகிறவர்களும் தயவுசெய்து நிறுத்துங்கள். வேறு வேறு படியால் அளந்த அரிசி அது.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அப்போது ஆசியானில் இருந்த பத்துத் தென்கிழக்காசிய நாடுகளையும் சேர்த்து 2025 இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2021 இல் இந்த வட்டாரத்தில் 80.4 மில்லியன் பேருக்கு ஏதாவது ஒரு மனநோய். எட்டுக் கோடி! மலேசியாவைப் போல் இரண்டு நாட்டு மக்களை எண்ணினாலும் மிச்சம் இருக்கும். 1990 ஐவிட 70 விழுக்காடு அதிகம். மக்கள்தொகை பெருகியதும் அதில் ஒரு பங்கு. வயது வித்தியாசத்தைச் சமன்செய்து பார்த்தால் வட்டாரத்துக்கு 11.9 விழுக்காடு. வியட்நாம் 10.1. உச்சியில் யார்? நாம்தான், 13.2. இதில் அதிகம் காணப்படுவது பதற்ற நோய், அடுத்தது மனச்சோர்வு. சங்கிலியில் கட்டி வைத்திருப்பதாக நாம் கற்பனை செய்கிற நோய்கள் இல்லை.

‘நோய்ச்சுமை’ என்று அதில் ஒரு சொல் வருகிறது. சாவை மட்டும் எண்ணுகிற கணக்கு இல்லை. என் அத்தையை வைத்துச் சொன்னால் எனக்கே புரிகிறது. தோட்டத்தைத் துண்டாடி எங்களைத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பியதற்கு முந்தைய வருடம், அத்தை ஒரு நாள்கூடப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வரத் தவறவில்லை. ஆனால் வழக்கமாகப் பால் வெட்டுகிற ரப்பர் மரங்களில் பாதியைத்தான் வெட்டுவார், மீதி நேரம் மரத்தடியில் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்று பட்டிருக்கிறது என்று மந்திரித்தார்கள். அத்தை சாகவில்லை, படுக்கவும் இல்லை. ஆனால் அந்த வருடத்தில் பாதி அவருக்கு இல்லாமல் போனது. அந்தப் பாதியைத்தான் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளை அந்த ஆய்வு தனியாகச் சொல்கிறது. அவர்களுடைய மொத்த நோய்ச்சுமையில் 16.3 விழுக்காடு மனநோயால் வருவது. வேறு எந்த வயதிலும் இந்தப் பங்கு இவ்வளவு பெரிதாக இல்லை. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்! ‘சோம்பேறி’ என்று எத்தனை பேரைத் திட்டியிருப்போம்.

இனி பாட்டி. இனிப்புநீர் (நீரிழிவு) சோதனைக்கு வந்தவர். அவர் கையிலும் என் கையிலும் ஒரே தாள் கொடுத்திருந்தார்கள்: கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மதிப்பெண். அவருடைய தாள் மலாயில் இருந்தது. கறிபாப் ஒன்றை நீட்டினேன், வாங்கிக்கொண்டு, “தங்கச்சி, இதில் முருங் என்று போட்டிருக்கிறதே, முருங்கைக்கீரையா?” என்றார். சிரித்துவிட்டேன். மனம் வெம்பிக் கிடப்பது, பாட்டி என்றேன். “அதுவா? அது தாத்தா போனதிலிருந்து தினமும் உண்டு. அதற்கு ஏன் தாள்?” என்று கேட்டுவிட்டுக் கறிபாப்பைக் கடித்தார். ‘கிட்டத்தட்ட தினமும்’ என்ற கட்டத்தைக் காட்டினேன். பேனாவை அழுத்திக் குறி போட்டார், தாள் கிழிந்துவிடும்போல. அடுத்த கேள்வி தூக்கம். அதற்கும் அதே கட்டம். கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்திருந்தேன், அதனால் படம் கிடையாது.

என் கூட்டுத்தொகை 11. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் உட்கார வைத்துப் பேசுகிறார். பேசினார். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தேழு பேரும் குறித்துக்கொள்ளுங்கள், கட்டில் போடவில்லை.

இன்னொன்றும் மறந்துவிட்டேன். தற்கொலைக்கு முயன்றவரைச் சிறையில் போடலாம் என்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவை 2023 இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. போலீஸ் வரும் என்று பயந்து வீட்டுக்குள் மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.

பாட்டியைத் தாதி இரண்டாம் அறைக்குக் கூப்பிட்டார். பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். இருபது நிமிடம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னொரு கறிபாப் இருக்கிறதா என்றார். அடுத்த மாதம் வர வேண்டுமாம். “ஒரு வெள்ளியைச் சில்லறையாக எடுத்து வாருங்கள் பாட்டி, இவர்களிடம் மாற்ற முடியாது” என்று எச்சரித்தேன். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாதாம்.