கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, அட்டனில் கூடியிருக்கும் என் மலையக உறவுகளே, வணக்கம். வளரும் நாடுகளுக்குச் செயற்கை நுண்ணறிவில் முதலில் வேண்டியது வேகமா, சட்டமா? சட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

சட்டமெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை என்றார் எதிரணித் தலைவர். ஐயா, பணக்கார நெதர்லாந்தில் என்ன நடந்தது? பிள்ளைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைப் பிடிக்கக் கணினியை வைத்தார்கள். வேற்றுநாட்டுக் குடியுரிமை இருந்தாலே அது சந்தேகப் புள்ளி போட்டது. குற்றமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

குடியுரிமையைக் காட்டிச் சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று இந்த மண்டபத்துக்கு நான் விளக்க வேண்டுமா? 1948இல் மலையகத் தமிழரான நம்மை நாடற்றவராக்கியதும் சட்டம்தானே என்று எதிரணி கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்த அநீதி அச்சில் இருந்தது. வாசித்தோம், எதிர்த்தோம், 2003 வரை போராடி மாற்றினோம். இயந்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் விதியை யார் வாசிப்பது?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வாருங்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கணக்குப்பிள்ளை கிலோவைக் கழித்தால், "ஏன் ஐயா கழிச்சீங்க?" என்று கொழுந்து பறித்த அக்கா முகத்துக்கு நேரே கேட்பார். தராசை எட்டிப் பார்ப்பார். தோட்டத் தலைவரைக் கூப்பிடுவார். அப்படியும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், முழுப்பேராகாமல் போகலாம். ஆனாலும் கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார். நாளைக்கு அரசின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுப் பட்டியலை ஒரு மென்பொருள் போட்டு, அதில் அவர் பெயர் விடுபட்டால் யாரிடம் போவார்? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரே தோட்ட முகவரிதான். எல்லாம் ஒரே வீடு என்று இயந்திரம் எடுத்துக்கொண்டால்?

நம் இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை அதில் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த முக்கிய பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். வேகம், வேகம் என்று பேசுவோர் இதில் ஏன் வேகம் காட்டவில்லை?

எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான். எந்த நிவாரணப் பட்டியலிலும் இயந்திரத்தின் சொல் இறுதி முடிவாகக் கூடாது. பெயரை நீக்கினால் காரணம் தமிழில், எழுத்தில் வர வேண்டும். அதைத் திருத்தும் அதிகாரத்தோடு பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது வளர்ச்சியைத் தடுக்கிறது என்று எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே.