விசாரணைக் குறிப்புகள் எந்தச் சர்வரில்?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்து பார்த்தால் பில் போடுகிற கம்ப்யூட்டர் எல்லாம் முடங்கிக் கிடக்கின்றன. திரையில் பணம் கேட்டு மிரட்டல். எந்த மெயில் வழியாக நுழைந்தார்கள், முதலில் மாட்டியது எந்தக் கம்ப்யூட்டர், யார் எப்போது என்ன பார்த்தார்கள் என்பதை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்து துப்புத் துலக்க உதவுவதுதான் பாதுகாப்பு விசாரணைத் தளம். தீஹைவ் அந்த வகை மென்பொருள்.

அதைத் தாக்குதலுக்கு ஆளான அதே நெட்வொர்க்கில் வைப்பது, திருட்டு நடந்த வீட்டு அலமாரியிலேயே கேஸ் கட்டை வைத்துப் பூட்டுவது மாதிரி. நம் குமரி மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் இல்லாத கட்டடத்தில் சர்வர் இருந்து என்ன பயன்? அதனால்தான் கிளவுட் என்கிறேன், அதாவது வேறிடத்தில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் சர்வரை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பது.

கம்ப்யூட்டர் பார்க்க ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால், மாதச் சந்தா கட்டி, தளத்தை உருவாக்கியவர்களே நடத்தித் தரும் சேவையை எடுத்துவிடுங்கள். டேட்டா எந்த நாட்டில் இருக்கும், விலகும்போது முழுதாகத் திருப்பித் தருவார்களா என்று மட்டும் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விவரமான இரண்டு பேர் இருந்தால், உங்கள் சொந்தக் கிளவுட் கணக்கில் ரெடிமேட் இமேஜை, அதாவது எல்லாம் நிறுவித் தயாராக இருக்கும் சர்வர் நகலைப் போட்டு ஓட்டலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். அமேசானுக்கு மும்பை, ஐதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னை, புனேயிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. பதிவுகள் நாட்டுக்குள்ளேயே நிற்கும். ஆனால் கேஸ் விவரங்களை இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் வைக்காதீர்கள். தனி டிஸ்க் போடுங்கள். புதுப் பதிப்பு வரும்போது அந்த டிஸ்க்குக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுத்துக்கொண்டு, பழைய மெஷினிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டினால் போதும். ஏதாவது சொதப்பினாலும் ஸ்னாப்ஷாட் கையில் இருக்கும். அப்புறம், லாகின் பக்கத்தை உலகத்துக்கே திறந்து போடாமல் விபிஎன்னுக்குள், அதாவது அனுமதி பெற்றவர்கள் மட்டும் நுழையும் தனிப் பாதைக்குள் வையுங்கள்.

பல சர்வர்களில் மென்பொருள்களைப் பரப்பி ஓட்டும் குபெர்நெட்டிஸில் எல்லாவற்றையும் நாமே கட்டுவது பெரிய குழுக்களுக்கு. மற்றவர்களுக்கு வீண் சுமை.

சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்களில் நடப்பவை தானாகப் பதிவாகும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்தில் தளத்துக்குள் நுழையவே முடியாமல் நிற்கக் கூடாது. எனவே அதன் அட்மின் லாகினை ஆஃபீஸ் லாகினோடு இணைக்காதீர்கள். பாஸ்வேர்டு தனி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். பொறுப்பான இருவரிடம் அது இருக்கட்டும். ஒருவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவர் திறந்து பார்க்கலாம்.