நியூயார்க்ல இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கருக்கு 65 டாலர் டிக்கெட்டா? கட்டுறதுக்கு முன்னாடி இந்த நாலு எழுத்தைப் பாருங்க!

[திரையில்: கார் கண்ணாடி, வைப்பருக்கு அடியில ஆரஞ்சு கவர்]

நியூயார்க் சிட்டியில ஒரு காரை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண 37 டாலர். பண்ணின ஸ்டிக்கர் கண்ணாடியில இல்லைன்னா டிக்கெட் 65 டாலர். ஆனா அந்த டிக்கெட்டுல உங்க காரோட உடல் வகையை, அதாவது செடானா எஸ்யூவியாங்கிறதை, குறிக்கிற நாலு எழுத்து தப்பா இருந்தா, ஸ்டிக்கர் நிஜமாவே காலாவதி ஆகியிருந்தாலும் டிக்கெட் தள்ளுபடி ஆயிடும். இது ஏதோ ஓட்டை இல்லைங்க, சட்டமே அப்படித்தான் சொல்லுது. எப்படின்னு சொல்றேன், அதுவரைக்கும் அந்த 65 டாலரைக் கட்டிடாதீங்க. கட்டினா குற்றத்தை ஒத்துக்கிட்டதா அர்த்தம்.

வணக்கம் மக்களே! பின்னணியைச் சட்டுனு முடிச்சிடலாம். நியூயார்க் மாநிலத்துல பதிவான காருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். ஸ்டிக்கர் முன் கண்ணாடியில, டிரைவர் பக்கம் கீழ் மூலையில இருக்கணும். ஓட்டும்போது மட்டும் இல்ல, பொதுச் சாலையில சும்மா நிறுத்தி வச்சிருந்தாலும் இருக்கணும். அவ்வளவுதான்.

இப்ப டிக்கெட்டைக் கையில எடுங்க. முதல்ல குறியீட்டு எண்ணைப் பாருங்க. 71ன்னா இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் காலாவதி, இல்லன்னா ஸ்டிக்கரே இல்ல. 72ன்னா ஸ்டிக்கர் சேதமானது அல்லது போலி. 70ன்னா அது வேற கதை: ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர். ரெண்டு ஸ்டிக்கரும் ஒரே மூலையில பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் ஒரு வருஷம், சாதாரணக் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டு வருஷம். 70 டிக்கெட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரசீதை அனுப்பிட்டா, நீங்க எவ்வளவு ஒழுங்கா இருந்திருந்தாலும் அந்த ரசீது எதையும் நிரூபிக்காது. குறியீட்டைப் பார்த்துட்டு ஆதாரம் தேடுங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இங்க கொஞ்ச நேரம் நிக்கப்போறேன், கூடவே இருங்க.

[திரையில்: டிக்கெட்டின் மேல் பாதி, ஐந்து கட்டங்கள் வட்டமிட்டு]

நியூயார்க் வாகனப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 238. பார்க்கிங் டிக்கெட்டுல காரை அடையாளம் காட்டுற அஞ்சு விவரம் இருந்தே ஆகணும்னு அது சொல்லுது. நம்பர் பிளேட் எண், பிளேட் வகை, ரெஜிஸ்ட்ரேஷன் முடியும் தேதி, காரோட கம்பெனி அல்லது மாடல், உடல் வகை. இதுல ஒண்ணு விட்டுப்போனாலோ, தப்பா இருந்தாலோ, படிக்க முடியாம இருந்தாலோ, நீங்க கேட்டா தள்ளுபடி பண்ணணும். 1984-ல ரைடர் டிரக் வாடகை நிறுவனம் இதை மாநிலத்தோட உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோச்சு. தப்பா எழுதினா தப்புதான், டிக்கெட் நிக்காதுன்னு தீர்ப்பு வந்தது. ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கிற எழுத்துக்காக அவ்வளவு தூரம் போனாங்க பாருங்க, அவங்களுக்கு நாம எல்லாரும் நன்றி சொல்லணும்.

அந்த எழுத்துகள் எங்க இருக்கு? உங்க ரெஜிஸ்ட்ரேஷன் தாளை எடுங்க. நாலு கதவு செடானுக்கு '4டிஎஸ்டி'ன்னு இருக்கும். எஸ்யூவி, ஸ்டேஷன் வேகன் இதுக்கெல்லாம் 'எஸ்யூபிஎன்'. பிளேட் வகையில சாதாரணக் காருக்கு 'பிஏஎஸ்', வணிக வண்டிக்கு 'சிஓஎம்', ஆசைப்பட்டு வாங்கின சிறப்பு பிளேட்டுக்கு 'எஸ்ஆர்எஃப்'. தாளையும் டிக்கெட்டையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. உங்க எஸ்யூவியை டிக்கெட்டுல செடான்னு எழுதியிருந்தா, அதுவே போதும்.

ஏன் தப்பு வருது? டிக்கெட் எழுதுற ஏஜென்ட் கையில இருக்கிற கருவி, ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கரோட பார்கோடைப் படிச்சுக் கட்டங்களைத் தானே நிரப்பும். அப்ப தப்பு வர்றது குறைவு. பார்கோடு வெயில்ல வெளுத்திருந்தாலோ, கண்ணாடியில பனி மூடியிருந்தாலோ கையால டைப் பண்ணணும். தப்பு நுழையுற இடம் அதுதான். ஒண்ணு கவனிங்க: கம்பெனி பெயரைச் சுருக்கி எழுதினா அது தப்பு இல்ல. டொயோட்டாவை ஹோண்டான்னு எழுதினாத்தான் தப்பு. எழுத்துப்பிழைக்கெல்லாம் சண்டை போட்டு, உங்க நல்ல வாதத்தை நீங்களே பலவீனப்படுத்திக்காதீங்க.

கட்டம் எல்லாம் சரியா இருக்கா? அப்ப ஒரே கேள்விதான் மிச்சம். டிக்கெட்டுல இருக்கிற அந்தத் தேதியில, அந்த நிமிஷத்துல, உங்க கண்ணாடியில செல்லுபடியாகுற ஸ்டிக்கர் இருந்ததா? நீதிபதி பார்க்கப்போறது அந்த நிமிஷத்தை மட்டும்தான்.

ஸ்டிக்கர் செல்லுபடியாகும் காலம், அதுல குறிச்சிருக்கிற மாசத்தோட கடைசி நாள் வரைக்கும். ஜூன்னு இருந்தா ஜூன் 30 வரைக்கும் நல்லது. ஜூன் 24-ல 71 டிக்கெட் வந்தா தைரியமா எதிர்க்கலாம். ரெண்டு போட்டோ எடுங்க: மாசமும் வருஷமும் படிக்கிற மாதிரி கிட்டத்துல ஒண்ணு, கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்துல தெரியிற மாதிரி தள்ளி நின்னு ஒண்ணு. ரெண்டாவது போட்டோ இல்லன்னா, முதல் போட்டோவுல இருக்கிற ஸ்டிக்கர் யாரோட கார்னு யாருக்குத் தெரியும்? கூடவே இன்ஸ்பெக்‌ஷன் ரசீது. அதே நாள்ல இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சிருந்தா, ரசீதுல இருக்கிற நேரத்தையும் டிக்கெட்டுல இருக்கிற நேரத்தையும் ஒப்பிடுங்க. ரசீது 10:40, டிக்கெட் 11:15ன்னா நீங்க ஜெயிக்க வாய்ப்பு அதிகம். தலைகீழா இருந்தா அது ஆதாரமே இல்ல.

இங்கதான் நம்ம ஆளுங்க நிறையப் பேர் தவறுறாங்க. டிக்கெட் வந்த மறுநாள் ஓடிப்போய் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி, அந்த ரசீதை அனுப்பிட்டுக் காத்திருப்பாங்க. அது நேத்து ஸ்டிக்கர் இருந்ததைக் காட்டாது. நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் இருந்தது, மறந்துட்டேன், கடை மூடியிருந்தது, இதெல்லாம் மனுஷங்களுக்குப் புரியும். ஆனா டிக்கெட் தள்ளுபடி ஆகாது.

இன்ஸ்பெக்‌ஷன் பண்ணப் பத்து நாள் நீட்டிப்புச் சான்று வாங்கியிருந்தா அது வேற. டிக்கெட் தேதி அந்தப் பத்து நாளுக்குள்ள வந்தா நகலை இணைச்சிடுங்க. இது எப்ப தேவைப்படும்? பேட்டரி மாத்தினதுமே காரை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோறவங்களுக்கு. பேட்டரியைக் கழட்டினா, காரோட கம்ப்யூட்டர் தன் புகைக் கட்டுப்பாட்டுச் சோதனை முடிவுகளை மறந்துடும். 2001-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் கார்ல ஒரு சோதனைக்கு மேல முடியாம இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. சில நாள் நெடுஞ்சாலையிலயும் ஊருக்குள்ளயும் மாத்தி மாத்தி ஓட்டினாத்தான் அது மறுபடி தயாராகும். அதனால மாசக் கடைசியில பேட்டரி மாத்தாதீங்க.

நியூஜெர்சியிலிருந்து ஃப்ளஷிங் பௌன் தெரு பிள்ளையார் கோயிலுக்கு வர்றவங்களே, இது உங்களுக்கு. 71-ங்கிறது நியூயார்க் மாநிலத்து இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கருக்கான குறியீடு. வேற மாநிலத்துல பதிவான காருக்கு அது பொருந்தாது. ரெஜிஸ்ட்ரேஷன் நகலை அனுப்பினா போதும்.

எப்படி அனுப்புறது? நகர நிதித்துறை இணையதளம், அவங்க செயலி, தபால், நேர்ல, எது வேணும்னாலும் சரி. டிக்கெட் தேதியிலிருந்து 30 நாளுக்குள்ள. ஒவ்வொரு பக்கத்துலயும் பத்து இலக்க டிக்கெட் எண்ணை எழுதுங்க. தபால்னா நகல் மட்டும், அசலை அனுப்பாதீங்க. கடிதம் நாலு வரி போதும்: 'குற்றமில்லை. பிரிவு 238-இன்படி உடல் வகை தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது. டிக்கெட்டில் உள்ளது இது, ரெஜிஸ்ட்ரேஷனில் உள்ளது இது. நகல் இணைப்பு.' இதை ஆங்கிலத்துல எழுதிடுங்க. போலீஸ் எப்படி நடந்துக்கிட்டாங்க, பார்க்கிங் கிடைக்க எவ்வளவு கஷ்டம், இதெல்லாம் வேண்டாம். கட்டம் தப்பு, ஸ்டிக்கர் செல்லுபடி ரெண்டுமே உண்மைன்னா ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

தோத்தா, முடிவு வந்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு இருக்கு.

ஒண்ணுமே பண்ணாம விட்டா? 30 நாள் தாண்டினா 10 டாலர் கூடும், 60 தாண்டினா இன்னும் 20, 90 தாண்டினா இன்னும் 30. 65 ஆனது 125 ஆகும். அப்புறம் அது நீங்க கட்டியே ஆகவேண்டிய கடன்னு தீர்ப்பாகி 9 சதவீத வட்டி ஓட ஆரம்பிக்கும். அப்படித் தீர்ப்பான தொகை 350 டாலரைத் தாண்டினா சக்கரத்துக்குப் பூட்டு போடலாம், காரை இழுத்துட்டும் போகலாம்.

டிக்கெட்டை எதிர்க்கிற அதே வாரத்துல காரையும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிடுங்க. எதிர்த்துட்டோமேன்னு ஸ்டிக்கர் இல்லாம தெருவுல விட்டு வச்சா, அடுத்த நாளே இன்னொரு 71 வரலாம், அதை இது தடுக்காது. உங்க டிக்கெட்டுல உடல் வகை என்ன எழுதியிருக்கு, ரெஜிஸ்ட்ரேஷன்ல என்ன இருக்குன்னு கமென்ட்ல போடுங்க. பிளேட் எண்ணையும் டிக்கெட் எண்ணையும் மட்டும் போட்டுடாதீங்க.