அணில் ஏறாத குருவித் தட்டு: 4 இஞ்சி பைப்பிலை ஒரு தடுப்பு

[காட்சி: முற்றத்தில் நட்ட கம்பம், உச்சியில் தானியத் தட்டு. ஓர் அணில் விறுவிறுவென்று ஏறுகிறது.]

குருவிக்கெண்டு போட்ட தினையும் அரிசிக் குறுணலும் அரை மணித்தியாலத்திலை அணிலின்ரை வயித்துக்குள்ளை. சில்லையும் சிட்டுக்குருவியும் மதிலிலை இருந்து பாத்துக்கொண்டிருக்குதுகள். இதுக்கு வீட்டிலையே செய்யக்கூடிய ஒரு தடுப்பைத்தான் இண்டைக்குப் பாக்கப்போறம்.

முதல்லை ஒண்டு. வெளிநாட்டு வீடியோக்களிலை, அணில் ஏறினவுடனை பாரத்தாலை தானா மூடுற தீன்பெட்டியைக் காட்டுவினம். அமெரிக்காவின்ரை சாம்பல் அணிலுக்கு அது சரி. அது அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். எங்கடை வளவிலை ஓடுற கோடு போட்ட அணில் ஏறக்குறைய 100 கிராம்தான். மைனாவும் கிட்டத்தட்ட அவ்வளவு பாரம், புள்ளிப்புறா அதைவிடக் கூட. அணிலுக்கு மூடுற பெட்டி மைனாவுக்கும் மூடும், புறாவுக்கும் மூடும். அதாலை பாரத்தை விட்டிட்டு, ஏறுற வழியை மறிக்கிறதுதான் இங்கை சரிவரும்.

[காட்சி: மேசையில் சாமான்கள்.]

1 இஞ்சி கல்வனைஸ் பைப் 8 அடி, ஒரு நுனியிலை மரை வெட்டினது. 4 இஞ்சி பிவிசி பைப், அதாவது 110 மில்லிமீற்றர், 2 அடித் துண்டு. அதுக்குப் பொருந்துற மூடி ஒண்டு. கம்பத்தை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளிப் ஒண்டு. தட்டுக்கு 12 இஞ்சிச் சதுரப் பலகையும், அதைப் பைப்பின்ரை மரையிலை பூட்ட ஒரு பிளான்ச்சும், அதாவது பலகையிலை பூட்டுற வட்ட இரும்புத் தட்டு.

ஏன் 4 இஞ்சி? அணில் ஒண்டில் நகத்தைக் குத்தி ஏறும், இல்லாட்டி ரெண்டு கையாலையும் கட்டிப்பிடிச்சு ஏறும். வழுவழுப்பான பிவிசியிலை நகம் இறங்காது. இவ்வளவு பருமனை அந்தச் சின்னக் கையாலை கட்டிப்பிடிக்கவும் ஏலாது. 2 இஞ்சி பைப் மலிவெண்டு அதை வாங்காதேங்கோ, கட்டிப்பிடிச்சு ஏறியிடும்.

[காட்சி: மூடியில் ஓட்டை போடுதல், நெருக்கத்தில்.]

மூடியின்ரை நடுவிலை 35 மில்லிமீற்றர் விட்டத்திலை ஒரு வட்டம் கீறுங்கோ. பெரிய ஓட்டை வெட்டுற அலகு இல்லாட்டி, வட்டத்தின்ரை உள்விளிம்பாலை 5 மில்லிமீற்றர் துளைகளை நெருக்கமாப் போட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, அரத்தாலை ராவுங்கோ. கம்பியைக் காய்ச்சி உருக்கி ஓட்டை போடவேண்டாம். பிவிசி கருகிற புகை நெஞ்சுக்குக் கூடாது.

மூடியை 2 அடித் துண்டின்ரை மேல்நுனியிலை ஒட்டுங்கோ. கம்பத்திலை, நிலத்திலை இருந்து 5 அடி உயரத்திலை கிளிப்பை இறுக்குங்கோ. துண்டை மேலாலை கோர்த்து இறக்கினால் மூடி கிளிப்பிலை குந்தும். இறுக்கிக் கட்டவேண்டாம், கொஞ்சம் ஆடட்டும். பிறகு உச்சியிலை தட்டைப் பூட்டுங்கோ. தண்ணி வடிய நாலு மூலையிலையும் துளை வேணும்; இல்லாட்டி ஐப்பசி, கார்த்திகை மழையிலை தானியம் பூஞ்சணம் பிடிச்சிடும்.

[காட்சி: அணில் பைப்புக்குள் நுழைகிறது, வால் மட்டும் வெளியே தெரிகிறது.]

அணில் கம்பத்தாலை ஏறி உள்ளுக்குப் போகும். மேலை இருட்டு, மூடியிலை தலை முட்டும். கொஞ்சநேரம் நிண்டுபோட்டு, தலைகீழாத் திரும்பி இறங்கும். பிறகு வெளிப்பக்கத்தாலை பாஞ்சு பாக்கும், வழுக்கும். கனபேர் பிழைவிடுறது மூடியிலைதான். மூடி இல்லாமல் வெறும் பைப்பைக் கம்பியிலை தொங்கவிட்டால், உள்ளாலை ஏறி மேலை வந்திடும்.

கம்பத்தை 2 அடி ஆழத்திலை நடவேணும். அலவாங்கு ஓரடியிலையே சுண்ணக்கல்லிலை முட்டுற இடங்கள் யாழ்ப்பாணத்திலை கன இருக்கு. அப்பிடியெண்டால் 20 லீற்றர் பெயின்ற் வாளியிலை சீமெந்து 1, மணல் 2, சல்லி 4 பங்கு கலந்து, கம்பத்தை நடுவிலை நேரா நிறுத்தி இறுக விடுங்கோ. வாளியைப் போகுமட்டும் மண்ணுக்குள்ளை புதையுங்கோ. வெளியிலை நிண்டால் அது அணிலுக்குப் படி. தடுப்பின்ரை அடி, அணில் நிக்கக்கூடிய இடத்திலை இருந்து 3 அடியாவது மேலை இருக்கவேணும்.

இதைவிட முக்கியம் இடம். மதில், வேலி, முருங்கை, மாங்கொப்பு, உடுப்புக் காயப்போடுற கொடி, எல்லாத்திலையும் இருந்து 8 அடி தள்ளி, மேலை ஒண்டும் தொங்காத இடமாப் பாருங்கோ. அளவைச் சோளகக் காத்து வீசுற நாளிலை எடுங்கோ. காத்தில்லாத நேரம் 8 அடி தள்ளி நிக்கிற தென்னோலை, காத்துக்கு 5 அடிக்கு வந்திடும். அணிலுக்கு அது காணும்.

கம்பத்திலை கிறீஸ் பூசுறதை விடுங்கோ. மயிரிலையும் இறகிலையும் பட்டால் அதுகளாலை துடைக்க ஏலாது. எலி ஒட்டுற பசையும் அப்பிடித்தான், குருவியும் ஒட்டிக்கொள்ளும். செத்தல் மிளகாய்த்தூளைத் தானியத்திலை பிரட்டுறதும் ஒரு வழி. மிளகாயின்ரை உறைப்பு அணிலுக்குச் சுடும், பறவைக்குத் தெரியாது. பறவையின்ரை நரம்பிலை அதை உணருற அமைப்பு வேறை. ஆனால் தூள் காத்திலை பறந்து உங்கடை கண்ணிலையும் விழும், ஒரு மழையோடை கழுவுப்பட்டும் போகும். தடுப்பு இருந்தால் அது தேவையில்லை.

[காட்சி: ஈரத்துணியால் பைப்பைத் துடைத்தல்.]

ஒரு நாளைக்கு ரெண்டு கைபிடி தானியம் காணும். கூடப் போட்டால் கீழை சிந்தி, எலி வரும். எலிக்குப் பின்னாலை பாம்பு வரும். மழைக்காலத்திலை பிவிசியிலை பாசி பிடிச்சால் நகத்துக்குப் பிடி கிடைச்சிடும். மாசத்துக்கு ஒருக்கால் சவர்க்காரத் தண்ணியாலை துடையுங்கோ. துடைக்க முதல் கீழை குனிஞ்சு, டோர்ச் அடிச்சு உள்ளுக்குப் பாருங்கோ. மூடிக்குக் கீழை குளவி கூடு கட்டியிருக்கும்.