ராஜா இல்லாத நாட்டில் ராஜதுரோகம்

அவைத்தலைவருக்கும் வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்கக் குடியரசின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்ட 1787-ஆம் ஆண்டோடு நின்றுவிடுவார்கள். நான் இன்று பேச வந்திருப்பது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1798-ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றி. அரசாங்கத்தின் அதிகாரம் எதுவரை என்ற கேள்வி, ஒரு பத்திரிகைக் கடிதத்தின் பெயரால் ஒருவரைச் சிறையில் தள்ளிய காலம் அது.

பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேசப் போன மூன்று தூதர்களிடம் லஞ்சம் கேட்டது. நாடு கொதித்தது. அதிபர் ஜான் ஆடம்ஸ் ஃபெடரலிஸ்ட் கட்சி. இரண்டு அவைகளிலும் அந்தக் கட்சிக்கே பெரும்பான்மை. ஜூன் 18-இலிருந்து ஜூலை 14-க்குள் நான்கு சட்டங்கள் வந்தன. குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலம் 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டானது. விசாரணையே இல்லாமல் வெளிநாட்டவரை நாடு கடத்த அதிபருக்கு அதிகாரம் வந்தது. எதிரி நாட்டுக் குடிமக்களைப் போர்க்காலத்தில் பிடித்து வைக்கும் சட்டம் மூன்றாவது; அது இன்றும் நடப்பில் இருக்கிறது. நான்காவதுதான் ராஜதுரோகச் சட்டம். பிரதிநிதிகள் சபையில் 44-க்கு 41 என்ற கணக்கில், மூன்றே வாக்கு வித்தியாசத்தில் தேறியது.

இந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசாங்கம், செனட், பிரதிநிதிகள் சபை, அதிபர் ஆகியோரைப் பற்றிப் பொய்யும் அவதூறுமாகக் கெட்ட நோக்கத்தோடு எழுதினாலோ அச்சிட்டாலோ 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பட்டியலில் ஒருவர் இல்லை, கவனித்தீர்களா? துணை அதிபர். அப்போது துணை அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், எதிர்க்கட்சியின் தலைவர். அவரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏசலாம், குற்றமில்லை. அடுத்து, சட்டம் காலாவதியாகும் நாள்: 1801 மார்ச் 3. அடுத்த அதிபர் பதவியேற்பது மார்ச் 4. ஆடம்ஸின் பதவிக்காலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம் என்று நான் சொல்வது இந்தத் தேதியை வைத்துத்தான்.

ஃபெடரலிஸ்டுகள் தரப்பில் ஒரு வாதம் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில், எழுதியது உண்மை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. (1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சி. மீது பாய்ந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவும் அந்த மரபின் கிளைதான்.) அமெரிக்கச் சட்டமோ உண்மையை எதிர்வாதமாக வைக்க இடம் கொடுத்தது, சட்டம், சங்கதி இரண்டையும் ஜூரியே தீர்மானிக்கலாம் என்றது. காகிதத்தில் பார்த்தால் இது முன்னேற்றம்தான். நீதிமன்றத்தில் அந்தப் பாதுகாப்பு ஏன் உடைந்தது என்பதுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி.

முதல் பெரிய வழக்கு மேத்யூ லயன் மீது. வெர்மான்ட் மாநிலத்திலிருந்து தேர்வான பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அதிபர் பகட்டிலும் முகத்துதியிலும் பேராசையிலும் திளைக்கிறார் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் தேதி ஜூன் 20, சட்டம் வருவதற்கு முன்பு. அச்சில் வந்தது ஜூலை 31, சட்டம் வந்த பின்பு. அக்டோபரில் ரட்லண்ட் ஊரில் விசாரணை. இந்தச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று லயன் வாதிட்டார். அது ஜூரி பார்க்க வேண்டிய விஷயமல்ல என்றார் நீதிபதி வில்லியம் பேட்டர்சன். நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம், 60.96 டாலர் வழக்குச் செலவு.

பேட்டர்சன் உச்ச நீதிமன்ற நீதிபதி என்பதை மறக்கக் கூடாது. அந்நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஊர் ஊராகப் போய் மத்திய அரசின் வட்ட நீதிமன்றங்களில் உட்கார்ந்து விசாரித்தார்கள். இத்தகைய குற்ற வழக்குகளில் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடே கிடையாது. வழக்குத் தொடுக்கும் அரசு வழக்கறிஞர் அதிபரின் நியமனம். பல இடங்களில் ஜூரிகளைப் பொறுக்கி எடுத்த மார்ஷல் என்ற நீதிமன்ற அதிகாரியும் அதிபரின் நியமனம். ஜூரிக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்று சட்டம் சொன்னால் போதுமா? அந்த ஜூரியை யார் கூட்டி வருகிறார் என்பதில் அல்லவா இருக்கிறது சூட்சுமம்!

உண்மை என்ற கேடயம் எப்படி நொறுங்கியது என்பதற்கு, 1800-இல் ரிச்மண்டில் நடந்த, ஆடம்ஸைச் சாடி எழுதிய ஜேம்ஸ் கேலண்டர் என்ற எழுத்தாளர் மீதான வழக்கைப் பாருங்கள். ஆடம்ஸ் ஓர் உயர்குடிவாதி, பிரிட்டனின் நலனுக்கு உண்மையாக உழைத்தவர் என்பது குற்றச்சாட்டில் இருந்த வாசகங்களுள் ஒன்று. இதற்குச் சாட்சி சொல்ல ஜான் டெய்லர் என்ற வர்ஜீனியா அரசியல்வாதி வந்தார். சாட்சியிடம் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் எழுதிக் கொடுங்கள் என்றார் நீதிபதி சாமுவேல் சேஸ். எழுதிக் கொடுத்தார்கள். வாசகம் முழுவதையும் இந்த ஒரு சாட்சியால் நிரூபிக்க முடியாது, ஆகவே ஒரு பகுதிக்கான சாட்சியமும் ஏற்கப்படாது என்று தள்ளிவிட்டார். ஒரு செங்கல்லால் வீடு கட்ட முடியாது என்று சொல்லி ஒவ்வொரு செங்கல்லையும் வீசி எறிந்தது போல. கேலண்டரின் வழக்கறிஞர்கள் வழக்கை விட்டே விலகிப் போனார்கள். ஒன்பது மாதச் சிறை, 200 டாலர் அபராதம். 1804-இல் சேஸைப் பதவி நீக்கக் குற்றம்சாட்டியபோது இந்தச் சாட்சியை மறுத்ததும் ஒரு குற்றச்சாட்டானது. செனட் அவரை 1805-இல் விடுவித்தது.

இன்னும் ஆழமான கோளாறு வேறு. ‘அதிபர் பகட்டுக்காரர்’ என்பது கருத்து. கருத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பது? ஜேம்ஸ் மேடிசன் 1800-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு எழுதிய அறிக்கையில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். இங்கிலாந்தில் பாராளுமன்றத்துக்கு எல்லையற்ற அதிகாரம். அங்கே பத்திரிகைக்கு வேண்டியது மன்னரிடமிருந்து பாதுகாப்பு மட்டும். அமெரிக்காவில் இறைமை மக்களுடையது. ஆகவே சட்டமன்றத்திடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்றார். ராஜதுரோகம் என்று நம் மொழியில் சொல்லும்போதே இந்த முரண் தெரிந்துவிடுகிறது. ராஜாவே இல்லாத நாட்டில் யாருக்கு எதிராகத் துரோகம்? தேர்தல் ஆண்டில் பதவியில் இருப்பவருக்குச் சட்டக் கவசம், எதிர்த்து நிற்பவருக்கு ஒன்றுமில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். என்னைக் கேட்டால், அந்தக் காலகட்டத்தின் மிகத் தெளிவான ஆவணம் அதுதான்.

ஜெஃபர்சன் தேடிய மருந்து வேறு. துணை அதிபராக இருந்துகொண்டே, தம் பெயர் வெளியே தெரியாமல் கென்டக்கி சட்டமன்றத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார். மத்திய அரசின் வரம்பு மீறிய சட்டத்தை ஒரு மாநிலமே செல்லாததாக்கலாம் என்றது அவர் வரைவு. கென்டக்கி 1798-இல் அந்தச் சொல்லைத் தவிர்த்தது, 1799-இல் சேர்த்துக்கொண்டது. நோய்க்கு மேல் ஆபத்தான மருந்து என்றே நான் நினைக்கிறேன். 1832-இல் தென் கரோலினா சுங்கவரிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தபோது பிடித்துக்கொண்டது இந்த வாதத்தைத்தான். வர்ஜீனியா அறிக்கையை எழுதிய, அப்போது வயது எண்பதைத் தாண்டிய மேடிசன், நாங்கள் சொன்னது அதுவல்ல என்று மறுக்க வேண்டியதாயிற்று.

லயனின் கதைக்கு வருவோம். சிறையில் இருந்தபடியே அவரை வாக்காளர்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சியின் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். ஜெஃபர்சனுக்கு 8. வெர்மான்டின் இரண்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றதால் அந்த மாநிலத்தின் வாக்கு 35 சுற்றுகளிலும் வீணானது. 1801 பிப்ரவரி 17 அன்று, 36-ஆவது சுற்றில், மற்ற உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, வெர்மான்டின் வாக்கு லயன் ஒருவர் கையில் வந்தது. அது ஜெஃபர்சனுக்கு விழுந்தது. மேரிலாண்டும் சேர, ஜெஃபர்சன் 10 மாநிலங்களோடு அதிபரானார்.

அவர் தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார். ஆனால் அவர் ஆட்சியிலேயே, நியூயார்க் மாநில நீதிமன்றத்தில், அவரை இழித்து எழுதிய ஹாரி கிராஸ்வெல் என்ற பத்திரிகையாளர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 1804-இல் கிராஸ்வெலுக்காக வாதாடியவர் ஃபெடரலிஸ்ட் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். நல்ல நோக்கத்தோடு சொன்ன உண்மை குற்றமாகாது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே நியூயார்க் அதைச் சட்டமாக்கியது.

ராஜதுரோகச் சட்டம் அரசமைப்புக்கு முரணானதா என்ற கேள்வியை, அது நடப்பில் இருந்தவரை உச்ச நீதிமன்றம் தீர்க்கவே இல்லை. 1840-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, லயன் கட்டிய 1,060.96 டாலரை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் அவருடைய வாரிசுகள். லயன் இறந்து அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.